ஊதாக் கொழுந்து

வல்லத்திராக்கோட்டையில் எனக்கு வைத்த பெயர் ஜப்பான்காரர். 1957-இல் கிராம சேவக் வேலைக்கு என்னை அந்த ஊருக்குப் போட்டார்கள். ஜப்பானிய முறைப்படி கயிறு பிடித்து வரிசையாக நாற்று நடச் சொல்லி வீடு வீடாகப் போய் மன்றாட வேண்டும். "கோணலா நட்டா நெல்லு வெளைய மாட்டேங்குதா சார்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு சொம்பு மோர் கைக்கு வந்துவிடும். மோரைக் குடித்த வாயால் யாரோடு சண்டை போடுவது? நல்ல ஜனங்கள். என் பேச்சை மட்டும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஊரில் என்னைவிட அதிகமாகக் கேலிக்கு ஆளான ஒரே மனிதர் ரத்தினவேல். அவர் வீட்டில்தான் நான் குடியிருந்தேன். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை, மூன்று வேளையும் அவர் மனைவி உண்ணாமலை கையால் சாப்பாடு. அந்த அம்மாள் கட்டுமாவடிக் கருவாட்டைப் பலாக்கொட்டையோடு சேர்த்துக் குழம்பு வைத்தால், தெருவில் போகிற நாய்கூட ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுப் போகும். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடுமோ என்று பயந்ததற்கு அந்தக் குழம்புதான் முக்கியக் காரணம்.

ரத்தினவேலை ஊர் கேலி செய்ததற்குக் காரணம், கொல்லையில் பலாமரத்தடியில் நின்ற இரண்டு தேயிலைச் செடிகள். ஆமாம், தேயிலைதான். முந்திரியும் பலாவும் கடலையும் விளைகிற செம்மண் பூமியில், கோடை வந்தால் ஆடுகூட நிழலை விட்டு நகராத ஊரில், அவர் தேயிலை வைத்திருந்தார். பாதி ஆயுளை ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் நாற்றங்காலில் கழித்துவிட்டு, நான் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால்தான் ஊர் திரும்பியிருந்தார். வரும்போது ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கன்றுகள் அவை. மூன்று கொண்டுவந்தார், ஒன்று பட்டுப்போயிற்று.

"நல்ல கன்னாப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றின் கொழுந்து கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. தண்டும் காம்பும்கூடச் சிவப்பு ஓடிக் கிடந்தன. மற்றது நேர்மாறு, பழுக்கப்போகிற எலுமிச்சங்காய் மாதிரி வெளிறிய இலை. வியாதிக்காரச் செடிகள் என்றுதான் நான் நினைத்தேன்.

"நல்ல கன்னு தொரையோடது தம்பி. இது தூக்கி எறிஞ்ச கன்னு, என்னோடது" என்றார் ரத்தினவேல். "தேயிலை வெதை இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு கொணம். ஒரே மரத்து வெதைய நாத்து மேடை நெறையப் போட்டாலும் நாலஞ்சு மட்டும் தனியாத் தெரியும். ஒண்ணு செவந்து வரும், ஒண்ணு வெளுத்து வரும், ஒண்ணு மூங்கி எலையாட்டம் ஒல்லியா நீளும். அதுகளப் பாத்துப் புடுங்கிக் குழியில போடுறதுதான் என் வேல."

"ஏன் புடுங்கணும்?"

"கொழுந்தோட கொழுந்தாக் கலந்தா தூளு நெறம் கெட்டுப்போகும்ல? செவந்த எலை ஆலையில நல்ல செம்பு நெறத்துக்கு வராது. தொவர்ப்பும் சாஸ்தி, நாக்கப் புடிச்சு இழுக்கும். ஆனா வெயிலுக்கு அசராது, பூச்சி அண்டாது. அந்த ஊதாச் சாயந்தான் அதுக்குக் கொடை. வெளுத்தவ அப்புடி இல்ல. உச்சி வெயிலு பட்டா ஓரமெல்லாம் தீஞ்சுபோகும். நெழல்லயே வச்சுப் பாக்கணும். ஆனா ருசி இருக்கே… தொவர்ப்பே கெடையாது, பருப்புத்தண்ணியில தேனு விட்டாப்புல. வருசக்கணக்காப் புடுங்கி எறிஞ்சேன் தம்பி. ஒருநா குழியில எட்டிப் பாத்தா, எறிஞ்சது வேர் விட்டு நின்னு கொழுந்து காட்டுது. மனசு கேக்கல."

உண்ணாமலை அடுக்களை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "மனசு கேக்கலையாம்! பொண்டாட்டிய வருசத்துல பொங்கலுக்கு மட்டும் வந்து பாத்த மனுசனுக்கு, செடிக்கு மனசு கேக்கலையாம். மக கல்யாணத்துக்கே விருந்தாளியாட்டம் வந்து இலை போட்டுச் சாப்பிட்டுட்டுப் போன ஆளு சார் இது!"

ரத்தினவேல் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மகளை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாண விஷயம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீட்டில் பேச்சில் வந்துவிடும்.

இவ்வளவு பேசுகிற உண்ணாமலைதான் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் சுமந்தாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தேயிலைக்கு ஆகாது என்று ரத்தினவேல் சொல்லிவிட்டார். அதனால் ஊருணியிலிருந்து குடம் குடமாக எடுத்து வருவாள். ஊருணிக்கரைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்னடி உண்ணாமல, ஒன் சக்களத்திக ரெண்டு பேரும் குடிச்சாளுகளா?" என்பார்கள். "கருத்தவ ஒரு கொடம், வெளுத்தவ ரெண்டு கொடம். வெளுத்தவளுக்குத்தான் ஒடம்பு தாங்காது" என்று இவளும் திருப்பிக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து ஊற்றும்போது மட்டும் செடிகளைத் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். திட்டு காதில் விழாத நாளில் எனக்குக்கூட ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

கொழுந்து எடுக்கிற நாள் அந்த வீட்டில் சின்னத் திருவிழா. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ரத்தினவேல் நுனி விரலால் கிள்ளி மடியில் போடுவார். ஊதாவைத் தனியாக, வெளிறியதைத் தனியாக. பிறகு மண் வறுவோட்டில் போட்டுச் சூடு காட்டி, ஓலைப்பாயில் கொட்டி உள்ளங்கையால் உருட்டி, நிழலில் காய வைப்பார்.

"ஆலையில இப்புடியா செய்வாங்க?" என்று கேட்டேன்.

"ஆலையில மொதல்ல கசக்கிப் போட்டு வச்சிருவாக. கத்திரிக்காய அரிஞ்சு வச்சாக் கறுக்குதுல்ல, அது மாதிரிக் கறுத்து மணம் ஏறும். அப்புறந்தான் சூடு. நான் மொதல்லயே சூடு காட்டிர்றேன். அப்பத்தான் ஊதா ஊதாவாவே நிக்கும்."

ஊருணித் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அது நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் இறங்கியது. துவர்ப்பு பலமாக இருந்தது. வெல்லம் போட்டால் நன்றாகத்தான் இருந்தது. வெளிறிய இலையில் வடித்தது மங்கிய பொன் நிறம், குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஓர் இனிப்பு வரும். அதை உண்ணாமலை யாருக்கும் தெரியாமல் இரண்டு தம்ளர் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வீணாப் போகுதேன்னு குடிச்சேன்" என்பாள்.

ஊர்க்காரர்கள் தேநீர் என்றால் பால் ஊற்றியதைத்தான் தேநீர் என்பார்கள். ஆலங்குடி சாலை விலக்கில் காஜா மைதீன் கடை வைத்திருந்தார். பெரிய தாடி, அதைவிடப் பெரிய மனசு. உண்ணாமலையைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், ரத்தினவேலை மச்சான் என்பார். ஒருநாள் மச்சானுக்காகத் தன் கடையில் ஊதாத் தூளைப் போட்டுப் பால் ஊற்றிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இது டீயா, வேட்டி அலசுன தண்ணியா பாய்?" என்று எவனோ கேட்டுவிட்டான். ரத்தினவேல் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி குழம்பு நன்றாக இருந்தும் அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போது, 1958 பங்குனிக் கடைசியில் செபமாலை வந்தார். தோட்டத்தில் ரத்தினவேலோடு வேலை பார்த்தவர். சொந்த ஊர் ஆவூர். உயிர்த்த ஞாயிறுக்கு ஊருக்கு வந்தவர், அப்படியே நண்பரைப் பார்க்க பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய அன்னாசிப்பழமும் வாய் நிறையச் சேதியும் கொண்டுவந்திருந்தார்.

பலாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். உண்ணாமலை அன்னாசியை அரிந்துகொண்டிருந்தாள்.

"நாத்தங்கா மேஸ்திரி போயிட்டாருய்யா. தொர ஒன்னத்தான் கேக்குறாரு" என்றார் செபமாலை. "இப்ப அங்க வெதை போடுறதே கொறைஞ்சுபோச்சு. நல்ல செடியில ஒரு எலையும் கணுவுமா வெட்டி மண்ணுல ஊணுறாக. தாய்ச்செடி எப்புடியோ அப்புடியே புள்ளையும் வருது. அதுக்குக் கைப்பக்குவம் வேணும். ரத்தினவேலக் கூட்டியா, மேஸ்திரியாப் போடுறேன்னாரு. வீடும் உண்டு. சித்திர பொறந்ததும் நான் கெளம்புறேன். ஒண்ணாவே போயிருவமா?"

"அவளயும் கூட்டிக்கிட்டா?" என்று கேட்டார் ரத்தினவேல்.

"நான் எங்க வாரது?" என்று உண்ணாமலை குறுக்கே விழுந்தாள். "மாடு கன்ன யாரு பாக்குறது? மக பிரசவத்துக்கு வாரேன்னு நிக்கிறா. அந்தக் குளுரு எனக்கு ஒத்துக்காது."

பேசிக்கொண்டே அரிந்தாள். நான்கு பேருக்கு அரிய வேண்டிய பழத்தை நாற்பது பேருக்கு அரிகிற மாதிரி பொடிப்பொடியாக அரிந்து தள்ளிவிட்டாள். அவள் பயந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் திட்டித் திட்டித் தண்ணீர் ஊற்றியது எதற்காக என்பதும் கூடவே புரிந்தது. செடி மண்ணைப் பிடித்துக்கொண்டால் மனுஷனும் ஊரைப் பிடித்துக்கொள்வார். அதற்காகத்தான்.

ரத்தினவேல் எழுந்துபோய் ஊதாச் செடியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். பிறகு சொன்னார்: "அங்க செடிக்குக் காய்ச்சல்னாக்கூட என்னையக் கூப்புடுவாக. இங்க நான் உண்ணாமல புருசன், அம்புட்டுத்தான். அதுல ஒண்ணும் கொறை இல்ல. ஆனா கையில ஒரு வித்த இருந்து அது யாருக்குமே வேணாம்னா, கையி சும்மாக் கெடந்து நமைக்குது செபமால."

"அப்ப வர்றியா?"

"இந்த வருசம் நல்லேருக்கு எங்க வீட்டு மொற. பானகத்துக்குப் பதிலா இந்த ஊதாத் தேயிலையக் காய்ச்சிக் குடுக்கப்போறேன். ஊரு குடிச்சா இங்கயே இருந்திர்றேன். துப்புனாகன்னா ஒன்கூட வாரேன்."

சித்திரை முதல் நாள் ஊரில் உள்ள ஏர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வயலில் பூட்டுவதற்குத்தான் நல்லேர் என்று பெயர். முடிந்ததும் அந்த வருஷத்து முறை வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பானகம் கொடுப்பார்கள். முதல் தம்ளரை ஊர்த் தலைவரான அம்பலக்காரர் ஏர் கிழித்த முதல் சாலில் ஊற்றி, பூமி குடித்த பிறகு தானும் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். சாலில் ஊற்றுகிறது நல்லதாக இருந்தால் வருஷம் நல்லதாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதில் போய் இவர் தேயிலையைக் கொண்டு நுழைக்கிறார்.

"வேணாங்க, பானகமே குடுத்துருவோம்" என்று உண்ணாமலை கெஞ்சிப் பார்த்தாள்.

"பானகத்தக் குடிச்சிட்டு ஊரு நல்லாருக்குன்னா, அது எலுமிச்சம்பழத்துக்குப் பேரு. எனக்கு என்ன?" என்றார். அவரை அசைக்க முடியவில்லை.

நல்லேர் அன்று விடிவதற்கு முன்பே ஊர் எழுந்துவிட்டது. மாடுகளுக்குக் கொம்பில் மஞ்சள், கழுத்தில் வேப்பிலை. முந்தைய வாரம் பெய்த ஒரு கோடை மழையில் வயல் உழுகிற பதத்தில் இருந்தது. அடுத்த தெருப் பொன்னுத்தாய் வீட்டுக் காளை ஒன்று நுகத்தடிக்குப் பணியாமல் திமிறி, அதைப் பிடிக்கப்போன என்னைப் போய்ச் சேற்றில் உட்கார வைத்தது. "ஜப்பான்ல இப்புடித்தான் உக்காருவாகளா சார்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தபோது மண்வாசனை எழுந்து வந்தது. என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குக்கூட அந்த நேரத்தில் ஒரு ஜோடி மாடு இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ரத்தினவேல் தன் ஏரைத் தானே ஓட்ட வேண்டும், அதுதான் முறை. அதனால் தேநீர் காய்ச்சுகிற பொறுப்பு காஜா மைதீனுக்கும் உண்ணாமலைக்கும் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார் பாய். வரப்பு ஓரத்தில் மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவில் ஊருணித் தண்ணீர் கொதித்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த ஊதாத் தூள் முழுவதையும் ரத்தினவேல் தன் கையாலேயே அளந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சிட்டிகை மிச்சம் வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு கூடையில் வெல்லமும், சுக்கும், ஏலக்காயும், எலுமிச்சம்பழங்களும் இருந்தன. முறையைச் சுத்தமாக விட்டுவிட உண்ணாமலைக்கு மனசு வரவில்லை. சாமிக்கு மட்டுமாவது ஒரு செம்பு பானகம் கரைத்து வைக்கலாம் என்று கொண்டுவந்திருந்தாள்.

ஏர்கள் மூன்று சுற்று வந்து நின்றன. அம்பலக்காரர் நாகராசு மேலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் சாலின் தலைப்பில் வந்து நின்றார். ஊரே அவர் பின்னால் வந்து கூடியது. ஊருக்குக் கிளம்பப் பையோடு வந்திருந்த செபமாலையும் கூட்டத்தில் நின்றார். ரத்தினவேல் மாடு ஓட்டிய தார்க்குச்சியோடு முன்னால் நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உண்ணாமலை அண்டாவின் மூடியைத் திறந்து தம்ளரில் மொண்டாள். மொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்பலம் கை நீட்டி வாங்கி, தம்ளருக்குள் பார்த்தார்.

"என்னத்தா இது? ஊருணிப் பாசியக் கரைச்சாப்புல இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். பச்சையும் நீலமும் கலந்து கறுத்துப்போன ஏதோ ஒன்று. தேநீர் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "இதையவா சால்ல ஊத்துறது? வெளங்குனாப்புலதான்" என்றார். இன்னொருவர், "மாட்டுக்கு மருந்து காய்ச்சிக் கொண்டாந்துட்டாகளா?" என்றார். சிரிப்பு ஒன்று கிளம்பி, அம்பலத்தின் முகத்தைப் பார்த்து அடங்கியது.

ரத்தினவேல் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்துக்கூட வீட்டுல நல்லா வந்துச்சே… என்ன போட்டீக?"

காஜா மைதீன் தாடியைத் தடவினார். பிறகு தடவுவதை நிறுத்தினார். "ஒண்ணும் இல்ல மச்சான்… ரவ சோடா உப்பு."

"சோடா உப்பா?"

"கடையில எப்பவும் போடுறதுதான. டிக்காசன் நல்லாக் கறுத்து எறங்கும். ஒன் தூளு வெளிறித் தெரிஞ்சுச்சு. ஊரு பாத்துச் சிரிச்சிரக் கூடாதே, எந் தங்கச்சி தலை குனிஞ்சிரக் கூடாதேன்னு… ஒரு கையிதான் போட்டேன்." அந்தப் பெரிய மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது.

ரத்தினவேல் அவரைத் திட்டவில்லை. தார்க்குச்சியை மெதுவாக வரப்பில் வைத்தார். திரும்பி, "செபமால, பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

எனக்கு உண்ணாமலை முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஆனால் குரல் கேட்டது.

"பஸ்ஸு எங்கிட்டும் ஓடிப்போகாது. செத்த நில்லுங்க." அவள் காஜா மைதீன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சோடா உப்பும் சுண்ணாம்பு மாதிரித்தான?"

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு என்னத்தா தெரியும்? வழுவழுன்னு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ஆலத்தித் தண்ணியில சுண்ணாம்பு கூடிப்போச்சுன்னா நாங்க என்ன செய்வோம்? எலுமிச்சம்பழத்தப் புழிவோம். செவப்பு போயி மஞ்ச திரும்பிரும். புளிப்பு பட்டா சுண்ணாம்பு செத்துப்போகும்."

"அது மஞ்சத்தண்ணி. இது தேயிலை" என்றார் ரத்தினவேல்.

"இதுக்கு மேல கெட்டுப்போக இதுல என்ன இருக்கு?"

அரிவாள்மணையைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து அண்டாவில் பிழிந்தாள். முதல் பழம் விழுந்ததும் அண்டா புஸ்ஸென்று நுரைத்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்கள் காலை மிதித்தார்கள். "பொங்குதுடா!" என்று ஒரு சத்தம். இரண்டாவது பழம், மூன்றாவது பழம். கூடையே காலியாகிற வரைக்கும் பிழிந்து, அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றி, வெல்லத்தை உடைத்துப் போட்டுச் சுக்கையும் தட்டிப் போட்டாள். நுரை மெல்ல அடங்கியது.

அண்டாவுக்குள் பச்சை இல்லை. நீலம் இல்லை. மாதுளம்பழத்தைப் பிழிந்து வைத்த மாதிரி சிவந்து கிடந்தது.

நான் கல்லூரியில் கொஞ்சம் ரசாயனம் படித்தவன். காரத்தில் ஒரு நிறம், அமிலத்தில் ஒரு நிறம் காட்டுகிற சாயம் சில செடிகளில் உண்டு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் "ஆத்தாடி!" என்றுதான் சொன்னேன்.

அம்பலம் பழைய தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக மொண்டு வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். குனிந்து முதல் சாலில் ஊற்றினார். உழுத செம்மண்ணில் அது விழுந்த இடமே தெரியவில்லை, மண்ணும் அதுவும் ஒரே நிறம். "பூமி நெறத்துலயே இருக்குடா" என்றார் தமக்குள் பேசுகிற மாதிரி. அடுத்த தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். நாக்கைச் சப்பினார்.

ரத்தினவேல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

"புளிப்பு இருக்கு, இனிப்பு இருக்கு, தொண்டைய ஒரு புடி புடிக்குது, சுக்கு சுருக்குங்குது. இது பானகமா தேத்தண்ணியா?" என்றார் அம்பலம்.

"ரெண்டுந்தான் மாமா" என்றாள் உண்ணாமலை.

"எதுவா இருந்தா என்ன? இன்னொண்ணு ஊத்தாத்தா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்டாவைச் சுற்றி நடந்ததை ஒழுங்கு என்று சொல்ல முடியாது. தம்ளர் கிடைத்தவர்கள் தம்ளரில் குடித்தார்கள், கிடைக்காதவர்கள் தொன்னையில் வாங்கினார்கள், ஒருவர் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். காஜா மைதீன் அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு, "எல்லாரும் வரிசையா வாங்கப்பா! எந் தங்கச்சி காய்ச்சுன டீ!" என்று கூவினார். சோடா உப்புப் போட்டதே தன் யோசனைதான், அதனால்தான் நுரைத்தது, நுரைத்ததால்தான் ருசி என்று அரை மணி நேரத்துக்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரும் மறுக்கவில்லை. எனக்கு மூன்று தம்ளர் கிடைத்தது. வரிசையைப் பற்றி ஊருக்கே உபதேசம் செய்கிற நான், அந்த மூன்றையும் வரிசையில் நின்று வாங்கவில்லை.

அண்டா காலியாயிற்று. பொன்னுத்தாய் கொல்லைப் பலாமரத்துக்கு அடியிலும் இதே மண்தான், ஒரு கொப்பு வெட்டிக் கொடுத்தால் வைத்துப் பார்ப்பாளாம். அம்பலமும் கேட்டார். பிறகு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ரத்தினவேலைப் பிடித்துக்கொண்டார்கள். கொப்பை எப்படி வெட்டுவது? வெயில் படலாமா? கிணற்றுத் தண்ணீர் ஆகுமா? அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. அந்த மனுஷன் இவ்வளவு உயரம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

செபமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தொரைக்கு என்னய்யா சொல்லட்டும்?"

"தூக்கி எறிஞ்ச கன்னு இங்க வேர் புடிச்சுருச்சுன்னு சொல்லு" என்றார் ரத்தினவேல். செபமாலை அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்குத் தனியாகவே நடந்தார்.

சாயங்காலம் பலாமரத்தடியில் ரத்தினவேல் மண்வெட்டியோடு நின்றார். ஊருணி வண்டலும் செம்மண்ணும் சரிபாதி கலந்து ஒரு சின்ன மேடை போட்டார். ஊதாச் செடியில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாக ஊன்றினார். அடுத்ததாக வெளிறிய செடியின் பக்கம் திரும்பினார். உண்ணாமலை குடத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து கையால் தெளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் செடிகளைத் திட்டவில்லை.

"வேர் விட எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டாள்.

"மூணு நாலு மாசம். பெறகு தனித்தனியா எடுத்து வைக்கணும். ஒண்ணரை வருசம் இங்கயே நெழல்ல நிக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் கேட்டவுக கொல்லையில எல்லாம் நானே போயி நட்டுக் குடுக்கணும். பந்தல் போடணும். கவாத்து வெட்டணும், கொழுந்து கிள்ளக் கத்துக் குடுக்கணும். அதுக்குள்ள இன்னும் நாலு பேரு வந்து கேப்பாக. அது முடியிற வேல இல்ல உண்ணாமல."

அவள் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அது வியர்வைக்காக இல்லை.

"முடியவே வேணாங்க" என்றாள்.